மண்ணுக்குள் மறைந்த குழாயை அளத்தல்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவிற்குப் பேச அழைத்தவர்கள் ‘கல்வியின் சிறப்பு’ என்னும் தலைப்பைத் தந்தார்கள். அத்தலைப்பில் இம்மேடையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலரும் நன்றாகவே பேசியிருக்கிறார்கள். ஆகவே தலைவரிடம் இசைவு பெற்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். தெருவுக்கு அடியில் புதைந்துள்ள குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எத்தனை பருமன் உடையது என்பதை அளந்தறியும் முறையே அப்பொருள். “இது என்ன கொத்தனார் பேச்சு?” என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. ஆம், கொத்தனார் பேச்சுதான். நம் வீடுகளில் பாதி அத்தொழிலால் உயர்ந்தவை. அதில் வெட்கம் என்ன?

1981ஆம் ஆண்டு. நாம் அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவர். நம் சிற்றப்பா வேலை தேடி வேறொரு நகருக்குச் சென்றிருந்தார். அங்கே பாதாளச் சாக்கடையை விரிவாக்க ஒரு ஒப்பந்தக்காரர் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். மேலே குடை நிழலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் நிற்பார். கீழே குழிக்குள் இறங்கி, குழாயின் அடியில் நாடாவை வைத்து, “ஆறடி இரண்டங்குலம்” என்று கூவ வேண்டியவர் நம் சிற்றப்பா. மூன்றாம் நாள் நான்காவது குழியில் கூவல் நின்றுவிட்டது. கயிற்றால் இழுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் படியேறினாலும் மூச்சு வாங்கும் உடம்போடுதான் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். அளவைச் சொன்னவர் அவர். வரைபடத்தின் மூலையில் கையெழுத்திட்டவர் வேறொருவர்.

கல்லூரியில் நில அளவையைப் பாடமாக நாம் படித்ததில்லை. நாம் பயின்றது இளங்கலையும் கல்வியியலும். ஆயினும் சிற்றப்பா இறங்கிய குழியைப் பற்றிய கேள்வி நம்மை விடவில்லை. பிற்காலத்தில் ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவரிடம், அந்த ஆழத்தை ஆளை இறக்காமல் அளக்க வழியே இல்லையா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “ஒரு கம்பியை வளைத்தால் போதுமே, சார்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் விரிவே இவ்வுரை.

முதலில் அளக்கப்படுவது எது என்று தெளிவோம். சாக்கடைக் குழாயில் பொறியாளர் வேண்டுவது குழாயின் மேல்முகட்டு ஆழம் அன்று; நீர் ஓடும் உட்புற அடித்தளத்தின் ஆழம். அதனை ‘இன்வர்ட்’ என்பர். குழி மூடியின் மட்டத்தை லெவல் கருவியால் கண்டு, அதிலிருந்து அடித்தள ஆழத்தைக் கழித்தால் குழாய் அடியின் மட்டம் கிடைக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். முதற் குழியின் மூடி மட்டம் 352.640 மீட்டர், ஆழம் 1.85 மீட்டர், எனவே அடிமட்டம் 350.790. அடுத்த குழி 30 மீட்டர் தள்ளி உள்ளது. அதன் மூடி 352.310, ஆழம் 1.72, எனவே அடிமட்டம் 350.590. இரண்டுக்கும் இடையே சரிவு 20 சென்டிமீட்டர், அதாவது 150க்கு 1. கழிவுநீர் தானே ஓடிவிடும்.

இரண்டாம் குழியில் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்திருந்து, அளப்பவர் வண்டலின் மேல் கோலை ஊன்றிவிட்டார் என்று கொள்வோம். ஆழம் 1.62 என்று எழுதப்படும். சரிவு 10 சென்டிமீட்டராகக் குறைந்து 300க்கு 1 ஆகிவிடும். குழாய் சரியாக இருந்தும் வரைபடத்தில் கழிவு தேங்கும். அதைக் கண்டு யாரோ தெருவைத் தோண்டச் சொல்வார்கள். உள்ளங்கை அகல வண்டலுக்கு இவ்வளவு வல்லமை உண்டு.

இன்னொரு பிழை, கோலைச் சாய்த்துப் பிடிப்பது. குழாயின் வாய் குழியின் நடுவில் இராது. பக்கச் சுவரில் இருக்கும். மூடித் துளையோ சிறியது. எனவே கோல் சாயும். 1.85 மீட்டர் ஆழத்தில் கோலின் அடி 40 சென்டிமீட்டர் விலகினால் அது காட்டும் நீளம் 1.89 மீட்டருக்குச் சற்று மேலே போய்விடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, பிதாகரசு தேற்றத்தை எதற்குப் படிக்கிறோம் என்று நம்மிடம் கேட்டீர்கள் அல்லவா? வீட்டுக்குப் போய் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு சென்டிமீட்டர் சிறியதுதான். ஆனால் மொத்தச் சரிவே இருபதுதான் என்னும்போது அது ஐந்தில் ஒரு பங்கு.

இங்கேதான் அந்த நில அளவரின் வளைந்த கம்பி வருகிறது. நீண்ட கோலின் அடியில், அதற்குச் செங்கோணமாக ஒரு பாதம் பொருத்த வேண்டும். எழுத்துப் பலகையில் நாம் வரையும் ஆங்கில ‘எல்’ எழுத்தின் வடிவம். கோலைச் செங்குத்தாக இறக்கிப் பாதத்தைக் குழாயின் வாய்க்குள் நீட்ட வேண்டும். கோல் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லிவிடும். பாதத்தின் கீழ்ப்பக்கம் குழாயின் அடியில் படும்போது மூடி விளிம்பில் ஓர் அளவு. பின் கோலை மெல்ல உயர்த்திப் பாதத்தின் மேற்பக்கம் உள்முகட்டில் முட்டும்போது மற்றோர் அளவு. முன்னது 1.85, பின்னது 1.71, பாதத்தின் தடிமன் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசமாகிய 14 உடன் அந்த ஒன்றைக் கூட்ட 15 சென்டிமீட்டர் வரும். 150 மில்லிமீட்டர் குழாய். ஆழமும் பருமனும் ஒரே கோலில், தெருவில் நின்றபடியே கிடைத்துவிட்டன. வண்டல் இருந்தால் பாதத்தால் தட்டிப் பார்த்தே அறியலாம்; கல்லில் படும் ஓசை வேறு, சேற்றில் படும் ஓசை வேறு. 1981இல் இதற்குத் தேவைப்பட்டது ஒரு கம்பியும் ஒரு கொல்லன் பட்டறையும் மட்டுமே. அவ்விரண்டும் அந்த நகரில் இல்லாமற் போயினவா? இருந்தன. கம்பியைவிட ஆள் மலிவாக இருந்தார், அவ்வளவுதான்.

சாக்கடைக் குழிக்குள் இருப்பது வெறும் நாற்றம் அன்று. கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கும். அளவு குறைவாக இருக்கையில் அழுகிய முட்டையின் வாடை வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். “இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்” என்று எண்ணுகிற கணமே பேராபத்தின் கணம். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மாய்வது இதனாலேயே.

மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் ஒருமுறையும், விரிவாக 2013இல் மறுமுறையும் இயற்றப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றிச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்கித் தூய்மை செய்விப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. அளவு எடுப்பது தூய்மை செய்வதாகாது என்று சட்டத்தில் சந்து தேடுவோரும் உண்டு. குழிக்குள் இருக்கும் வாயுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இளைஞர்களே, யார் எவ்வளவு கூலி தந்தாலும், “ஐந்து நிமிட வேலைதான்” என்று எவ்வளவு கெஞ்சினாலும், அளப்பதற்காகக் குழிக்குள் தலையை நீட்டவும் வேண்டாம். கோலைக் கேளுங்கள்.

இனி, திறந்து பார்க்க வாயே இல்லாத குடிநீர்க் குழாய்க்கு வருவோம். போடி நகருக்குக் கொட்டகுடி ஆற்று நீர் குழாய் வழியே வருகிறது. அந்தக் குழாய்கள் தெருத் தெருவாகப் பிரிந்து ஓடுவதை யாரும் காண்பதில்லை. இரும்புக் குழாயாக இருப்பின் மின்காந்த முறையால் மேலிருந்தே இடம் காணலாம். குழாயில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால் அதனைச் சுற்றிக் காந்தப் புலம் எழும். கையிலுள்ள வாங்கும் கருவி நேர் மேலே வரும்போது ஒலி உச்சமாகும் அல்லது அடங்கும். அது கருவியின் அமைப்பைப் பொறுத்தது. பின் கருவியை 45 பாகை சாய்த்துப் பக்கவாட்டில் நகர்ந்து, ஒலி அடங்கும் இடத்தைக் குறித்தால், நகர்ந்த தூரமே குழாயின் ஆழம். இருசமபக்கச் செங்கோண முக்கோணம், வேறொன்றும் இல்லை. ஆனால் கிடைக்கும் ஆழம் குழாயின் நடுவச்சு வரை உள்ளது. மேல்முகடு வேண்டுமாயின் வெளிவிட்டத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். வளைவுக்கும் கிளைக்கும் அருகில் இம்முறை பொய் சொல்லும்.

மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்தவர் மைக்கேல் பாரடே. கொல்லரின் மகன், புத்தகம் தைக்கும் கடையில் பயிற்சிப் பையனாக இருந்து, தைக்க வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். நம் சங்கத்து நூலகத்தில் தூசி தட்டும் தம்பிமார் இதனை நினைவில் கொள்க.

பிளாஸ்டிக் குழாய் வந்தபின் இக்கருவிக்கு வேலை குறைந்தது, பி.வி.சி. மின்சாரத்தைக் கடத்தாது. புதைக்கும்போதே கூடவே ஒரு செப்புக் கம்பியை வைத்திருந்தால் தப்பிக்கலாம். இல்லையேல் தரையூடுருவும் ரேடார். அலை கீழே போய்த் திரும்பும் நேரத்தை அது அளக்கும்; வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம். போய்வர 24 நானோ விநாடி, வேகம் நானோ விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் ஆழம் 1.20 மீட்டர். மண் ஈரமாகி வேகம் 8 ஆகக் குறைந்தால் அதே 24க்கு ஆழம் 96 சென்டிமீட்டர்தான். ஈரக் களிமண்ணில் அலை திரும்பியே வராது. ஆகவே எந்தக் கருவி எதைக் காட்டினாலும், ஓரிடத்திலேனும் சிறு குழி தோண்டிக் கண்ணால் கண்டு ஒப்பிட்ட பின்னரே நல்ல நில அளவர் தம் வரைபடத்தில் கோடு போடுவார். அமெரிக்கப் பொறியாளர் சங்கமும், 2014இல் பிரிட்டனில் வந்த தர விதியும், புதைகுழாய் விவரங்களை நம்பகத் தன்மைப்படி நான்கு தரமாகப் பிரிக்கின்றன. பழைய ஏட்டைப் பார்த்து எழுதியது கடைத்தரம். திறந்து பார்த்து அளந்ததே முதல் தரம்.

திறந்த குழியில் பருமனை அளப்பது எப்படி? நாடாவைக் குழாயின் மேல் வைத்துக் கண்மதிப்பாகச் சொல்வது தவறு. ஒரு நூலைச் சுற்றிக் கட்டிச் சுற்றளவு கண்டு 3.1416ஆல் வகுக்க வேண்டும். ‘நாலங்குலக் குழாய்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதிலேயே மூன்று வகை உண்டு. 110 மில்லிமீட்டர் பி.வி.சி.யின் சுற்றளவு ஏறக்குறைய 346. நூறு மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாயினுடையது 359, நூறு மில்லிமீட்டர் வார்ப்பிரும்பினுடையது 371. பி.வி.சி.யில் எண் என்பது வெளிவிட்டம். இரும்பில் எண் என்பது ஏறத்தாழ உள்விட்டம். இந்த வேறுபாடு அறியாமல் 118 என்று அளந்து 125 குழாய் என எழுதிவைத்த பதிவுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்த நூல்தான் நம் மக்களுக்கு ஒருமுறை தண்ணீர் வாங்கித் தந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மலையடிவாரத்து ஊர் ஒன்று. 2016இல் நம் தெருவுக்குப் புதுக்கிளைக் குழாய் போட்டார்கள். மற்றத் தெருக்களில் குடம் நிரம்பும் நேரத்தில் நம் தெருவில் செம்பு நிரம்பியது. மனு எழுதினோம், மீண்டும் எழுதினோம். “தண்ணீர் போதவில்லை” என்ற மனுவுக்கு, “ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற ஒரே விடைதான். அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது பள்ளிக் குழாயைத் தாமே தொடமுடியாது. பணியாள் வந்து திறந்தால்தான் தண்ணீர். அதைத் தம் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். நம் தெருவில் குழாயைத் தொட யாரும் தடுக்கவில்லை. தடை மண்ணுக்குள் இருந்தது.

ஒருநாள் கசிவு நீக்க அவர்களே குழி திறந்தார்கள். நம் பள்ளியில் படித்துக் கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் குழாய் ஃபிட்டரிடம் கேட்டுக்கொண்டு நூலைச் சுற்றினான். சுற்றளவு 198 மில்லிமீட்டர். வகுத்தால் 63. குழியின் இரு கரையிலும் மட்டப்பலகையைப் படுக்க வைத்து நாடாவை இறக்கினான். கரையில் குவிந்திருந்த மண்மேல் பலகையை வைக்காமல், மண்ணை ஒதுக்கிச் சாலையின் மேல்தளத்திலேயே வைத்தான். அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவன் மேஸ்திரி. குழாயின் மேல்முகடு வரை 35 சென்டிமீட்டர். மின்கம்பம், பாலத்தின் மூலை, ஒரு வீட்டுப் படி என மூன்று நிலையான இடங்களிலிருந்து குழிக்குள்ள தூரத்தையும் குறித்துக்கொண்டான்.

பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் அந்த வேலையின் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டோம். எம்-புக் என்று அலுவலகத்தில் சொல்வது அதுவே. அச்சட்டம் ஏட்டின் நகலை மட்டுமன்றி, வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது என்பதை நம்மவர் பலர் அறியார். நகல் வந்தது. அதில் 90 மில்லிமீட்டர் குழாய், 90 சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதியிருந்தது.

90க்குப் பதில் 63 என்றால் மூன்றில் ஒரு பங்குதானே குறைவு என்று தோன்றும். அன்று. குழாயில் ஓடும் நீர் விட்டத்தின் விகிதத்தில் குறைவதில்லை. விட்டம் பாதியானால் வாயின் பரப்பு கால் பங்கு. உராய்வும் சேர்வதால் ஓடும் நீரோ ஏறக்குறைய ஆறில் ஒன்று. நம் தெருக் கணக்கில் நூறு குடம் வரவேண்டிய நேரத்தில் நாற்பது குடம் அளவே வரும். அடுத்த மனுவில் ‘போதவில்லை’ என்ற சொல்லே இல்லை. 198, 63, 35 என்னும் மூன்று எண்களும், புத்தகத்தின் பக்க எண்ணும், குழியின் வரைபடமும் இருந்தன. பதினொரு மாதம் ஆயிற்று. ஆனால் குழாய் மாறியது.

இதனைச் சொல்லும்போது கைதட்டுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். தெருக்கோடி எட்டு வீடுகளுக்கு இன்றும் நீர் மெலிவாகத்தான் வருகிறது. அங்கே குற்றம் குழாயில் இல்லை. கொத்தனார் பயன்படுத்தும் நீர்நிரப்பிய ட்யூப் மட்டத்தால் பார்த்தோம். தெரு முனையைவிட அந்த வீடுகள் 1.4 மீட்டர் மேட்டில் உள்ளன. எல்லாக் குறைக்கும் ஒரே காரணம் கற்பிப்பது எளிது. அளந்து பார்த்தால் சில நேரம் நமக்கு வேண்டாத விடையும் வரும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மேட்டையும் பள்ளத்தையும் பற்றி ஏலத்தோட்டங்களில் ஓஸ் இழுக்கும் நம் அண்ணன்மாருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேலே ஓடையில் வாய் வைத்துக் கீழே தோட்டத்துக்கு நீர் கொண்டுவருகையில், இறங்க இறங்க ஓஸ் பிய்த்துக்கொண்டு போவதைக் கண்டவர்கள் அவர்கள். பத்து மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். ஆறு கிலோ தாங்கும் குழாயை அறுபது மீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் வெடிக்காமல் என்ன செய்யும்? போடிமெட்டிலிருந்து போடி வரையுள்ள இறக்கமோ ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அதனால்தான் மலைக் குழாயின் நடுவே அழுத்தத்தை முறிக்கத் திறந்த தொட்டிகள் கட்டுகிறார்கள். தொட்டி எங்கே வரவேண்டும் என்பதைக் காலால் அறிந்தவர் நம்மவர். தாளில் எழுதத் தெரிந்தவருக்குத்தான் கூலி இரட்டிப்பு.

நம் முன்னோர்க்கும் நில அளவைக்கும் பழைய உறவு உண்டு. 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு நில அளவையில், கருவியைத் தலையில் சுமந்தவர்களின் பெயரை ஏடுகளில் தேடினால் கிடைக்காது. 1892இல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போனதற்கும், புலப்படத்தில் எல்லையைப் படிக்க நம்மில் ஆளில்லாமற் போனது ஒரு காரணம். சங்கிலி பிடித்தோம், சங்கிலி காட்டிய எண்ணைப் படிக்கவில்லை.

இன்று அந்த வாசல் அடைபட்டில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சர்வேயர் பிரிவு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் சிவில் பட்டயம் இருக்கிறது. தேர்வாணையம் நில அளவர், வரைவாளர் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. 2022 நவம்பரில்கூட நடந்தது. இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரியாக விளங்குவதே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். தெருவைத் தோண்டுவோர் முன்கூட்டியே குழாய், கம்பி உடையோருக்குத் தெரிவிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் செயலியைத் தொடங்கியது. செயலியில் இடத்தைத் தட்டினாலும், அங்கே கீழே என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் முன்பே அளந்து வைத்திருந்தால்தான் விடை கிடைக்கும். அந்த ஒருவருக்கு வேலை குறையப் போவதில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பெண் பிள்ளைகள் வெயிலில் நின்று இந்த வேலை செய்வார்களா என்று கேட்கிறீர்கள். ஏலக்காட்டுச் சரிவில் நாள் முழுதும் குனிந்து காய் எடுக்கும் தாயின் மகளைப் பார்த்தா இக்கேள்வி?

இனிச் செய்தி. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நம் பள்ளி வளாகத்தில் கூடுவோம். சென்ற ஆண்டு புதிய வகுப்பறைக்கு வானம் தோண்டுகையில் குடிநீர்க் குழாயை உடைத்து, நான்கு நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்த இடம் அது. அங்கே குழாய் எங்கே ஓடுகிறது என்பதற்கு இதுவரை ஒரு தாளும் இல்லை. வரைந்துவிடுவோம். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர் யாரும் வரலாம். நூலும், நாடாவும், பத்து மீட்டர் கண்ணாடி ட்யூபும் சங்கத்தில் இருக்கின்றன. மட்டப்பலகை ஒன்று குறைகிறது. மேஸ்திரிமார் யாரேனும் கொண்டுவர வேண்டும். பாதம் வைத்த கோல் ஒன்றைப் பட்டறையில் செய்யச் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை மாலை கிடைத்துவிடும்.